கடைமடைக்கு முதல் வண்டி

சாலவாக்கம் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து உரக்கடைக்கும் நடுவே ஒரு மேஜை போடுகிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஏசுதாஸ் அண்ணன். நெல் அறுக்கிற மிஷினுக்கு ஏஜெண்டு. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருகிற வண்டியை எங்கள் ஏரிப் பாசனத்துக் கழனிகளில் யார் யாருக்கு எப்போது இறக்குவது என்று முடிவு பண்ணுவது அவர் வேலை. அந்த இடத்துக்கு நான் வாடகை வாங்குவதில்லை. என் வீட்டுக்காரர் அசீம் தம்மாமில் இருக்கிறார். பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் நியாயம் பேசாத ஆள் கிடையாது. தனக்கு வந்தால் ரத்தம், அடுத்தவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் நிஜமாகவே நியாயம் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணனுடைய அப்பா கதிர் அறுக்கிற கூலி ஆள். தாத்தாவும் அதேதான். இந்த ஏரிக்குக் கீழே அவர்கள் அரிவாள் படாத கழனி கிடையாது, அவர்கள் பேரில் ஒரு அடி நிலமும் கிடையாது. அந்த வீட்டிலிருந்து அண்ணன் செங்கல்பட்டு சட்டக் கல்லூரிக்குப் போனார். சொத்துச் சட்டம் பாஸ், குற்றச் சட்டம் பாஸ், எல்லாம் பாஸ். சட்டம் என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்று கேட்கிற பேப்பரில் மட்டும் அரியர். படிக்காமல் இல்லை. ஒரே கேள்விக்கு இந்தப் பக்க நியாயம், அந்தப் பக்க நியாயம் என்று எழுதிக்கொண்டே போவாராம், முடிவு எழுதுவதற்குள் மணி அடித்துவிடுமாம். எத்தனை முறை எழுதியும் அது கழியவே இல்லை. கறுப்புக் கோட்டு போட வேண்டியவர், உத்திரமேரூர் கோர்ட்டில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தாவாகக் கொஞ்ச நாள் கேஸ் கட்டுத் தூக்கிவிட்டு, மிஷின் ஏஜெண்டாக வந்து உட்கார்ந்தார்.

அவர் வருவதற்கு முன்னால் வண்டி யார் கழனியில் முதலில் இறங்கும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. டிரைவருக்கு பிரியாணியும் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தவன் கழனியில் இறங்கும். இல்லாவிட்டால் ஊரில் பெரிய ஆள் கழனியில் இறங்கும். அண்ணன் அதை மாற்றினார். எங்கள் பாசனத்தில் மூன்று மடை: மேல்மடை, நடுமடை, கடைமடை. மூன்றின் பேரையும் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போடுவார். பொங்கலுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் எல்லோரையும் கூட்டி, எதிரிலேயே வண்டி டிரைவரை எடுக்கச் சொல்வார். டிரைவர் ஆத்தூர்க்காரன், அவனுக்கு மேலும் தெரியாது கீழும் தெரியாது. எந்த மடை எந்த வரிசையில் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த தாலுகா இது. அதனால் யாரும் இதைப் புதிது என்று சொல்லவில்லை.

கடையில் கரண்ட் போனால் அண்ணன் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். வியாபாரம் என்றாலும் சட்டம் வேண்டும். அது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்பார். நிறைய பேருக்கு நல்லது நடந்தால் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் மிச்சம் இருக்கிற கொஞ்ச பேர் எங்கே போவார்கள் என்று அவரே கேட்பார். கடைசியில் ஒன்று சொல்வார்.

"நம்ம கயனி எந்த மடையில கீதுன்னு நமக்கே தெரியாதுன்னு நெனச்சிக்கினு ஒரு சட்டம் போடணும்மா. அதான் சட்டம்."

எல்லாருக்கும் அவங்கவங்க கழனி எங்கே இருக்கிறதென்று நன்றாகவே தெரியும் அண்ணா என்று நான் சொல்வேன். சிரிப்பார்.

அப்படி இருந்தவர் ஒரு நாள் கழனி வாங்கினார். முக்கால் ஏக்கர், கடைமடையில். பாதையை ஒட்டி முதல் கழனி. அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லாக் கழனிக்கும் வண்டி வாசி அதன் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் யாரும் விரும்பி வாங்காமல் கிடந்தது. பட்டா அவர் பேருக்கு மாறிய அன்று என் கடைக்கு வந்து அதை ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு காப்பி போதும் என்றேன். "அப்பா கல்லறைக்கு ஒண்ணு" என்றார். அவர் மனைவி சுகிர்தா கூலி ஆள் வைக்க விடாமல், தன் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்து தானே நடவு நட்டாள். அந்தக் குடும்பம் தன் சொந்த நிலத்தில் நட்ட முதல் பயிர் அது. சம்பா நன்றாகவே வந்தது. சாயங்காலம் மேஜையை மூடியதும் இரண்டு பேரும் வரப்பில் போய் நிற்பார்கள்.

அந்த வருஷம் டிரைவர் எடுத்த சீட்டில் மேல்மடை முதலில் வந்தது, பிறகு நடுமடை, கடைசியில் கடைமடை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தை மழை நெய் மழை என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவனுக்குக் கழனி இருந்திருக்காது. பொங்கல் முடிந்து மேல்மடை அறுத்துக்கொண்டிருக்கும்போதே புயல் சின்னம் என்று செல்போனில் எல்லாம் வர ஆரம்பித்தது. மேல்மடையை வண்டி முடித்துவிட்டது. அடுத்தது நடுமடை. நடுமடை மேட்டு நிலம். மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், கதிர் ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். கடைமடை பள்ளம். மேலே பெய்கிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அங்கே கழனி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அண்ணன் தெருக்காரர்கள்தான், அரை ஏக்கர், கால் ஏக்கர் ஆட்கள்.

அவர்கள் எல்லோரும் காலையிலேயே மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். முன்னால் நின்றது ஆண்டாளம்மாள். புருஷன் இல்லாதவள், கடைமடையின் அடியில் அரை ஏக்கர், அதில் விளைகிற நெல்தான் வருஷம் முழுக்க வீட்டுக்குச் சோறு. வண்டியை இப்போதே கடைமடைக்குத் திருப்பு என்றாள். நடுமடையில் அதிகம் வைத்திருக்கிற கலைச்செல்வனும் வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. சீட்டு என்றால் சீட்டுதான், இதை ஆரம்பித்தவனே நீதானேப்பா என்று மட்டும் சொன்னார். வண்டி ஓனர் ஆத்தூரிலிருந்து போனில், ஏசுதாஸ் எங்கே சொல்கிறாரோ அங்கே இறக்கு என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டார். அதாவது எல்லாம் அண்ணன் ஒரு வார்த்தையில் இருந்தது.

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ஹாலில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைமடைக்கு முதலில் போவதுதான் நியாயம் என்று அவருக்குத் தெரியும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அங்கே அவர் கழனி இருக்கிறது. ஊரே அறிந்த சீட்டை, தன் கழனி நனையப் போகிறது என்றதும் மாற்றினான் என்று ஆகிவிடும். தன் வழக்கில் தானே தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது அவர் படித்ததிலேயே முதல் பாடம். அதைத்தான் அவர் ஆண்டாளம்மாளிடம் சொன்னார்.

"என் கயனி அங்க கீதுக்கா. அது இல்லன்னா இன்னேரம் வண்டிய திருப்பியிருப்பேன். இப்ப என் வாயால சொல்ல முடியாது."

அவரைத் தவிர இந்த மாவட்டத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான். தன் கழனிக்காக வண்டியைத் திருப்புகிறவனைப் பார்த்திருக்கிறோம். தன் கழனி இருக்கிறது என்பதற்காகவே திருப்பாமல் விட்டவனை எங்கே பார்ப்பது? வண்டி நடுமடைக்குப் போனது.

மறுநாள் மத்தியானம் ஆரம்பித்த மழை விட்டு விட்டு நான்கு நாள் பெய்தது. கடைமடை ஏரியாகிவிட்டது. கதிர் எல்லாம் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்து பார்த்தபோது நெல் கதிரிலேயே முளைவிட்டிருந்தது. அண்ணன் கழனியும்தான். சுகிர்தா சேற்றில் இறங்கி, முளைத்த கதிரை ஒரு கை பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டு வந்தாள் என்று சொன்னார்கள்.

ஆண்டாளம்மாள் ஒரு நாள் கடைத்தெருவுக்கு வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. மேஜைக்கு எதிரில் நின்று, நான் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"வண்டி உள்ள போவணும்னா உன் கயனி வழியாதானே நைனா போவணும்? என் நெல்லு மேல வண்டிய ஏத்தி மிதிச்சிக்கினு போங்கடா, போய் அவங்களுத அறுங்கடான்னு ஒரு வார்த்தை உன் வாயில வரல பாரு. உன் பேரும் நல்லா இருக்கணும், உன் நெல்லும் நிக்கணும். நடுவுல நாங்க போயிட்டோம்."

அவள் தெருமுனை திரும்பும் வரை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு அது தோணவே இல்லம்மா. சத்தியமா தோணவே இல்ல" என்றார். நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அத்தனை நியாயத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்த மனுஷனுக்கு அந்த ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் கதிரை அறுத்த வீட்டில் முதன்முதலாக விளைந்த சொந்தக் கதிர். அதன் மேல் வண்டி ஏறுவதை அவர் மனசு யோசிக்கவே விடவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் அவர் தெருவில் அவரிடம் யாரும் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வழியில் பார்த்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் உட்காரும் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கும். பேசியது நடுமடைக்காரர்கள்தான். நேர்மை என்றால் ஏசுதாஸ் என்று கலைச்செல்வன் டீக்கடையில் பத்துப் பேர் எதிரில் சொன்னார். சொன்னாரே ஒழிய, அந்த பெஞ்சில் உட்காரப்பா என்று ஒரு நாளும் சொல்லவில்லை. புகழ்ச்சியை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்? மேஜைக்கு வந்து உட்காருவார், பேப்பரை விரிப்பார், ஒரே பக்கத்தை மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருப்பார். கரண்ட் போனாலும் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஆடி மாதம் கழனியை விற்றுவிட்டேன் என்றார்.

வாங்கியது யார் என்று கேட்டேன். கலைச்செல்வன். வேறு யாரும் கேட்கவில்லையாம், தெருக்காரர்களிடம் கேட்க இவருக்கு முகமும் இல்லை. ஏன் அண்ணா விற்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான்: இனிமேல் எந்த வருஷமும் கடைமடைக்குத்தான் முதல் வண்டி என்று ஒரு சட்டம் போட வேண்டும். பள்ளத்தில் இருக்கிறவனுக்கு முதலில் என்பதுதான் சரி. அதை அங்கே கழனி வைத்துக்கொண்டு அவர் சொல்ல முடியாது. அதனால் கழனி இருக்கக் கூடாது.

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு நான் அவருக்கு டீ சொல்லவில்லை. சுகிர்தா அவளுக்குத் தெரிந்த முறையில் பதில் சொன்னாள். துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிற மகள் கீர்த்தியிடம் போய்விட்டாள். சண்டை இல்லை. "நீங்க உங்க நியாயத்தோட இருங்க" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினாளாம். அண்ணன் தானே சமைத்துக்கொண்டார். பாதி நாள் பன் தின்று தண்ணீர் குடித்தார்.

மறுபடி சீட்டு எடுக்கக் கூட்டம் கூடிய அன்று நானும் போய் ஓரமாக நின்றேன். அண்ணன் குடத்தைக் கொண்டுவரவில்லை. எழுந்து, கடைமடை பள்ளம் என்று ஆரம்பித்தார். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தார், எனக்குத் தெரியும். முதல் வாக்கியம் முடிவதற்குள் கலைச்செல்வன் எழுந்துவிட்டார்.

"இதுல பேசறதுக்கு இன்னா இருக்குது? பள்ளத்துல இருக்கறவனுக்குத்தான் மொதல்ல அறுக்கணும். மேல்மடைக்கும் நடுமடைக்கும் சீட்டு போட்டுக்கங்க. கடைமடைக்கு எப்பவும் மொதல் வண்டி."

எல்லோரும் சரி என்றார்கள். போன வருஷம் சீட்டு என்றால் சீட்டுதான் என்று சொன்னவரும் இவர்தானே என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை. சொந்தக் கழனி இருக்கிறது என்பதால் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சொந்தக் கழனி வந்துவிட்டது என்பதால் இன்னொருத்தர் வாயைத் திறந்தார். சட்டம் வந்துவிட்டது. ஏசுதாஸ் அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். சொல்ல வந்தது எல்லாம் அவரிடமே இருந்தது. கூட்டம் முடிந்து கடைமடைக்காரர்கள் கலைச்செல்வனைச் சூழ்ந்துகொண்டு போனார்கள்.

தை பிறந்து வண்டி வந்தது. அந்த வருஷம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வானம் துடைத்துவிட்ட தட்டாகக் கிடந்தது. கடைமடை கடைசியில் அறுத்திருந்தாலும் ஒரு மணி நெல் கெட்டிருக்காது.

வண்டி முதலில் இறங்க வேண்டிய கழனி, அண்ணன் விற்ற கழனி. மிஷின் மூலையில் திரும்பாது. அதனால் வண்டி வருவதற்கு முன்னால் கழனியின் நான்கு மூலையையும், இறங்குகிற வாயையும் ஆள் விட்டு அரிவாளால் அறுத்து வைத்துவிடுவார்கள். கலைச்செல்வன் சொல்லி வைத்திருந்த ஆள் அன்றைக்கு வரவில்லை. வண்டி பாதையில் உறுமிக்கொண்டு நிற்கிறது. முதல் வண்டி இறங்குவதைப் பார்க்க அண்ணன் வந்திருந்தார், நானும் போயிருந்தேன். டிரைவர் புது ஆள். மேஜைக்காரர்தானே எல்லாம் தெரிந்தவர் என்று அண்ணனிடம் வந்து, இந்தக் கழனி யாருடையது, மூலை அறுக்காமல் எப்படி இறங்குவது என்று கேட்டான்.

அண்ணன் கலைச்செல்வன் சாருது என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழனியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். தன் கழனி மூலையை அறுத்து முடித்து வந்து ஆண்டாளம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய்க் கையை நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அரிவாளைக் கொடுத்தாள்.

சட்டம் படித்தவர் கதிர் அறுத்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கை மறக்கவில்லை. குனிந்து, தாளை இடது கையில் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பு. அவர் அப்பா இதே கழனியில் எத்தனை முறை குனிந்திருப்பாரோ. நான்கு மூலையும் முடித்து, அரிவாளைத் துடைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். வண்டி இறங்கியது. அறுத்த கதிரை ஒரு கட்டாகக் கட்டி வரப்பில் வைத்துவிட்டு அவர் கிளம்பும்போது கலைச்செல்வன் பைக்கில் வந்து சேர்ந்தார்.

"கட்ட எடுத்துக்கினு போப்பா ஏசு. மூலைக் கதிரு அறுத்தவனுக்குத்தானே. ஊர் வழக்கம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அண்ணன் இதற்கு இந்தப் பக்க நியாயம், அந்தப் பக்க நியாயம் எதையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. குனிந்து கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

நேராக என் வீட்டுப் பின்பக்கம் வந்து, உரல் இருக்கிறதா என்று கேட்டார். இத்தனூண்டு நெல்லை எந்த மில்லில் அரைப்பார்கள்? தானே அடித்து, காய வைத்து, மறுநாள் வந்து குத்தினார். இரண்டு படி அரிசி தேறியது. அந்தக் கழனியிலிருந்து அவர் கைக்கு வந்த மொத்த விளைச்சல் அதுதான். பாதியைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு சுகிர்தாவுக்கு போன் போட்டார். நான் புடைத்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது.

"நம்ம கயனி அரிசி கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். கீர்த்தி வந்தா குடுத்து உடட்டுமா?"

கட் ஆகிவிட்டதோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு சுகிர்தா கேட்டாள்.

"நம்ம கயனியா? எது?"

அண்ணன் வேறு ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார். இங்கேயே சாப்பிட்டுப் போங்கள் அண்ணா என்று எவ்வளவோ சொன்னேன். வேண்டாம்மா, வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும் என்று இரண்டு பொட்டலத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் வழக்கம்போல மேஜைக்கு வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன், சோறு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.